ஏரியில் கட்டிய ஆங்கிலக் கிராமம்

சென்னையில் வீடு வாங்க அலைகிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கிரயப் பத்திரம் வாசிக்கப் பழகிவிடும். முதல் பத்துப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, கடைசியில் வரும் 'சொத்து விவரம்' பகுதிக்கு நேராகப் போய்விடுவோம். விஷயமே அங்கேதான். சென்னை மாவட்டம், மாம்பலம் தாலுகா, தி.நகர் கிராமம், பிளாக் எண் இத்தனை, டி.எஸ். எண் இத்தனை என்று அது போகும். அப்புறம் வடக்கே யார் மனை, தெற்கே எந்தத் தெரு என்று நான்கு எல்லை.

தி.நகர் 'கிராமம்'. கீழே நகைக்கடைகள், மேலே மேம்பாலம், நடுவில் நிமிடத்துக்கு நூறு பேர் கடக்கும் பிளாட்பாரம். ஆனால் வருவாய்த்துறைக்கு அது கிராமம்தான். மயிலாப்பூரும் கிராமம். அடையாறுப் பக்கம் போனால் ஊரூர், கோட்டூர், திருவான்மியூர் என்று கிராமப் பெயர்கள் வரும். சாஃப்ட்வேரில் பழைய வேரியபிள் பெயரை மாற்றாமல் இருபது வருடம் அப்படியே ஓட்டுவோம் இல்லையா, அந்த மாதிரி. பெயரை மாற்றினால் எங்கே எது உடையும் என்று யாருக்கும் தெரியாது.

நான் இப்படி கிராமம் கிராமமாக ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் நிஜமான கிராமத்தில் வீடு வாங்கிக்கொண்டிருந்தான். லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், ஒரு சர்ச், ஒரு பப், நடுவில் புல்வெளி உள்ள ஊர். சனிக்கிழமை ராத்திரிகளில் இரண்டு பேரும் ஒப்பிட்டுக்கொள்வோம். அவனுக்கு ஒரே கவலை, வாங்க இத்தனை மாதம் ஆகிறதே என்று. வீட்டை ஒரு சர்வேயர் வந்து பார்ப்பார். வக்கீல் ஒரு கட்டு தேடல்கள் நடத்துவார். பக்கத்தில் என்ன சாலை வரப்போகிறது, சாக்கடை யாருடையது, நிலத்துக்கு அடியில் பழைய சுரங்கமோ குப்பைமேடோ இருந்ததா, வெள்ளம் வருமா.

"வெள்ளம் வருமான்னு வக்கீலே பாப்பாரா?"

"ஆமாடா, ரிப்போர்ட்டே குடுப்பாங்க. ஏன், அங்க பாக்க மாட்டாங்களா?"

இங்கே என் வக்கீல் தாய்ப்பத்திரம் பார்த்தார், 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டார், பட்டா பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. "சார், இந்த இடம் ஏரியா இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அது எதுலயாவது வருமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தம்பி, தி.நகரே ஏரிதான். அதெல்லாம் பாத்தா ஊர்ல ஒருத்தரும் வீடு வாங்க முடியாது."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஏரி எப்படி வீட்டுமனை ஆனது என்ற கதையைத் தேடிக்கொண்டு போனால், அது என் நண்பன் வீடு வாங்கிய அதே மாவட்டத்தில் போய் முடிகிறது. தி.நகருக்கு ஒரு சித்தப்பா ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் லெட்ச்வொர்த்.

*

அதற்கு முன்னால் தோட்டவீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதராஸில் ஆங்கிலக் கிராமத்தைக் கட்டும் ஆசை தி.நகருக்கு ரொம்பப் பழையது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரெஞ்சுக்காரர்கள் பயமும் ஹைதர் அலி பயமும் குறையக் குறைய, கம்பெனி துரைகள் புனித ஜார்ஜ் கோட்டையின் நெரிசலை விட்டு வெளியே வந்தார்கள். மவுண்ட் ரோட்டின் இரண்டு பக்கமும், பிறகு அடையாறு ஆற்றங்கரை வரைக்கும், பெரிய பெரிய வளாகங்களை எடுத்துக்கொண்டு நடுவில் ஒரு வீடு கட்டினார்கள். தூண் வைத்த தாழ்வாரம், கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்துப் பூசிப் பளிங்கு மாதிரி தேய்த்த சுவர், சுற்றிலும் ஏக்கர் கணக்கில் மரங்கள். இங்கிலாந்தில் அரை ஏக்கர்கூட இல்லாத குமாஸ்தா இங்கே நிலப்பிரபு மாதிரி வாழ்ந்தார். ஊருக்குப் பக்கத்தில், ஆனால் ஊருக்குள் இல்லாமல் இருப்பதுதான் அந்த வாழ்க்கையின் சாரம்.

அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி 1790களின் பிற்பகுதியில் அடையாற்றங்கரையில் கட்டிய 'பிராடி காஸில்' இன்று இசைப் பல்கலைக்கழகம். அவர் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். ஆற்றின் எதிர்க்கரையில் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்ற 27 ஏக்கர் தோட்டவீட்டை 1882-இல் பிரம்மஞான சபை வாங்கியது. அடையாறு ஆலமரம் பார்க்கப் போகிறோமே, அதே சபைதான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தோட்டவீடுகள் ஒவ்வொன்றாக இந்தியர் கைக்கு வந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயர் நீதிமன்ற வக்கீல்கள், துபாஷ் குடும்பங்கள், வணிகர்கள். லஸ் சர்ச் ரோடும் எட்வர்ட் எலியட்ஸ் ரோடும் அப்படித்தான் மயிலாப்பூர் வக்கீல்களின் சாலைகள் ஆயின. மாடவீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் பிறந்தவர், வக்கீல் தொழிலில் சம்பாதித்து, கால் மைல் தள்ளி மாமரத் தோப்புக்கு நடுவே குடியேறினார். நல்ல வீடு என்றால் நான்கு பக்கமும் இடம் விட்ட தனி வீடு, முன்னால் தோட்டம், கேட் என்ற எண்ணம் நமக்குள் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் பணக்கார வீடு என்றால் தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் கொல்லை. செட்டிநாட்டு மாளிகைகூடத் தெருவில்தான் வாசல் வைக்கும்.

ஆனால் தோட்டவீடு சிலருக்குத்தான் கிடைக்கும். செக்ரடேரியட் குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஒரு சின்னத் தோட்டவீடு கிடைக்க என்ன வழி? இந்தக் கேள்விக்கான பதிலை லண்டனில் ஒரு சுருக்கெழுத்தாளர் யோசித்து வைத்திருந்தார்.

*

எபனேசர் ஹோவர்ட் கட்டிடக் கலைஞர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. பாராளுமன்ற விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். 1898-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1902-இல் அது 'நாளைய தோட்ட நகரங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் மறுபடி வந்தது. நகரத்தில் வேலை இருக்கிறது, காற்று இல்லை. கிராமத்தில் காற்று இருக்கிறது, வேலை இல்லை. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஓர் ஊர் கட்டலாம் என்பது அவருடைய யோசனை. 6,000 ஏக்கர் வாங்க வேண்டும். அதில் 1,000 ஏக்கரில் மட்டும் ஊர், மிச்சமெல்லாம் வயலும் காடும். மக்கள் தொகை 32,000-ஐத் தாண்டக் கூடாது.

இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். பூங்கா, வட்டச் சாலை, மரநிழல் எல்லாம் போஸ்டரில் போடத் தோதான விஷயங்கள். ஆனால் ஹோவர்டின் புத்தகத்தில் பாதிக்கு மேல் கணக்கு வழக்குதான். அதன் உயிரே நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் இருந்தது. நிலம் மொத்தமும் ஓர் அறக்கட்டளை மாதிரியான பொது அமைப்பிடம் இருக்கும். வீட்டுக்காரர்கள் நிலத்தை வாங்குவதில்லை, தரைவாடகை கட்டுவார்கள். வெறும் வயலாக இருந்தபோது சல்லிசாக வாங்கிய நிலம், ஊர் வளர வளர மதிப்பு ஏறும். அப்படி ஏறியது யாரால்? ரயில் வந்ததால், பள்ளிக்கூடம் வந்ததால், பக்கத்து வீட்டுக்காரன் வந்ததால். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு எல்லோருக்கும் திரும்பி வர வேண்டும். அந்த வாடகையில் கடனை அடைத்து, மிச்சத்தில் ஆஸ்பத்திரியும் பூங்காவும் முதியோர் உதவித்தொகையும் நடத்தலாம்.

1903-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சுமார் 3,800 ஏக்கர் வாங்கி லெட்ச்வொர்த்தைத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே லெட்ச்வொர்த், நார்ட்டன், வில்லியன் என்று மூன்று சின்னக் கிராமங்கள் இருந்தன. அவற்றை இடிக்காமல் ஊரின் திட்டத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். வரைபடம் போட்ட ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும் பழைய ஆங்கிலக் கிராமத்தின் அழகில் மயங்கியவர்கள். புல்வெளியைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும் வீடுகள், வளைந்து போகும் சந்து, ஓட்டுக்கூரை. ஏக்கருக்கு 12 வீட்டுக்கு மேல் கூடாது என்பது அன்வினின் கணக்கு. நிலத்தை வைத்திருந்த கம்பெனி பங்குதாரர்களுக்கு வருடம் 5 சதவீதத்துக்கு மேல் லாபம் தரக் கூடாது என்று விதி எழுதினார்கள்.

இந்த யோசனை கப்பலேறி மதராஸுக்கு வந்தது. வரும் வழியில் ஒரு தடவை மூழ்கியது. நிஜமாகவே மூழ்கியது.

*

1912 முதல் 1919 வரை மதராஸ் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸை அழைத்தார். தாவரவியல் படித்து, சமூகவியலுக்கு வந்து, கடைசியில் நகர அமைப்பில் இறங்கியவர் கெடிஸ். அவரிடம் வரைபடங்களும் படங்களுமாகச் சேர்த்த பிரமாண்டமான 'நகரங்கள் கண்காட்சி' ஒன்று இருந்தது. 1914-இல் போர் தொடங்கிய நேரத்தில் அதை 'கிளான் கிரான்ட்' என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கெடிஸ் வேறு கப்பலில் வந்தார். அக்டோபரில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று கிளான் கிரான்ட்டைப் பிடித்து மூழ்கடித்தது. அந்தப் போர்க்கப்பல் வேறெதுவும் இல்லை, நம்ம எம்டன்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 22 ராத்திரி, மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு நகரத்தையே காலி செய்ய வைத்து, 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழில் நிரந்தரமாகக் குடியேறிய அதே கப்பல்.

இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசரமாகப் புதுப் படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் கண்காட்சி மதராஸில் நடந்தது. பிறகு கெடிஸ் மாகாணத்தின் ஊர் ஊராக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கைகளில் அவர் திரும்பத் திரும்பச் சண்டை போட்ட ஒரு விஷயம் குளங்கள். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதுதான் அப்போதைய சுகாதார அதிகாரிகளின் வழக்கம். கெடிஸ் அதை எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, கொசுதான் பிரச்சினை என்றால் மீனையும் வாத்தையும் விடுங்கள், குளத்தைச் சுத்தம் செய்யுங்கள், மூடாதீர்கள் என்றார்.

கெடிஸைத் தொடர்ந்து எச். வி. லான்செஸ்டர் வந்து வேலை பார்த்தார். மதராஸின் நகர அமைப்பைப் பற்றிய அவருடைய புத்தகம் 1918-இல் வெளிவந்தது. 1920-இல் மதராஸ் நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1909-இல் பிரிட்டனில் வந்த சட்டத்தின் சாயல் அதில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், மேம்பாட்டுக் கட்டணம் என்ற ஒன்று. திட்டத்தால் ஒருவருடைய நிலத்தின் மதிப்பு ஏறினால், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை ஊருக்குக் கட்ட வேண்டும். ஹோவர்டின் கனவு சட்டமாகும்போது இவ்வளவுதான் மிஞ்சியது. மதிப்பு முழுவதும் ஊருக்கு என்பது, ஒரு தடவை கட்டும் ஒரு பங்கு என்று சுருங்கிவிட்டது.

*

இப்போது ஏரிக்கு வரலாம். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு, அடையாற்றை நெருங்கும் வரை ஒரு நீர்ப்பரப்பு இருந்தது. ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள், நீள ஏரி. நகரத்தின் மேற்கு எல்லையே அதுதான். துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள், அதன் கரைகளில் விவசாயம் நடந்தது. இன்றைக்கு ஏரி இல்லை, ஆனால் தெருப்பெயர்கள் கரையில் ஒதுங்கிய கிளிஞ்சல் மாதிரி கிடக்கின்றன. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. அதன் பக்கத்தில் 'லேக் ஏரியா'. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரிப்படுகையில்தான்.

1920-இல் இரட்டை ஆட்சி முறையில் நீதிக்கட்சி மதராஸ் மாகாணத்தில் பதவிக்கு வந்தது. முதல் அமைச்சராகும் வாய்ப்பை மறுத்த பிட்டி தியாகராய செட்டி, மதராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்தார். பனகல் ராஜா உள்ளாட்சித் துறையைக் கையில் வைத்திருந்தார், 1921-இல் முதல் அமைச்சரும் ஆனார். நகரம் பிதுங்கிக்கொண்டிருந்தது. 1923 வாக்கில் ஏரியை வடித்து, மாம்பலம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1925-இல் தியாகராய செட்டி காலமானார். புது ஊருக்கு அவர் பெயர் வந்தது.

தி.நகரின் பழைய வரைபடத்தைப் பாருங்கள், அல்லது கூகுள் மேப்பில் கடைகளின் பெயர்களை மறைத்துவிட்டுச் சாலைகளை மட்டும் பாருங்கள். நடுவில் பனகல் பார்க். அதிலிருந்து சாலைகள் கதிர் மாதிரி பிரிகின்றன. அகலமான நிழல்சாலைகள், சின்னப் பூங்காக்கள், அளவெடுத்த மனைகள். லெட்ச்வொர்த்தின் மையத்தில் இருக்கும் பூங்காவும் அங்கிருந்து பிரியும் சாலைகளும் அதே குடும்பச் சாயல். சாலைப்பெயர்களில் மட்டும் ஆங்கிலக் கிராமம் இல்லை, நீதிக்கட்சியின் வருகைப்பதிவேடு இருக்கிறது. உஸ்மான், தணிகாசலம், நடேசன், ஹபிபுல்லா, பசுலுல்லா, டாக்டர் நாயர். தி.நகரில் வழி கேட்டுப் போகிறவர் தெரியாமலே திராவிட இயக்க வரலாற்றின் முதல் பாடத்தை நடந்து முடித்துவிடுவார்.

1931-இல் பீச் முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் ஏறினால் கோட்டையிலோ ஹைகோர்ட்டிலோ இறங்கலாம். செக்ரடேரியட் குமாஸ்தாவின் தோட்டவீடு சாத்தியமாகிவிட்டது. ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனை. 2,400 சதுர அடிக்கு ஒரு கிரவுண்டு என்ற சென்னைக் கணக்கு. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு, தென்னை நான்கு. பழைய மாம்பலம் கிராமம் தண்டவாளத்துக்கு மேற்கே அப்படியே இருந்தது. கோயிலும் குளமும் ஒட்டு வீடுகளுமாக அது 'மேற்கு மாம்பலம்' ஆனது. லெட்ச்வொர்த் தன் பழைய கிராமங்களைத் திட்டத்துக்குள் வைத்துக்கொண்டது. நாம் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டோம்.

ஆங்கிலக் கிராமத்தின் பூங்காவை, சாலையை, தனி வீட்டை எல்லாம் எடுத்துக்கொண்டோம். நிலத்தைப் பொதுவில் வைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மனைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. நீதிக்கட்சியைக் குறை சொல்வதற்கில்லை. மனை விற்ற பணம் இல்லாமல் மாநகராட்சி சாலை போட்டிருக்க முடியாது. நிலமே இல்லாத சாதிகளில் பிறந்து புதிதாகப் படித்து வந்தவருக்குத் 'தரைவாடகை' என்றால் இனித்திருக்காது, சொந்த மனை என்றால்தான் இனித்திருக்கும். இங்கிலாந்திலேயே ஹோவர்டைப் பின்பற்றிய பெரும்பாலான புறநகர்கள் செடியையும் வேலியையும் எடுத்துக்கொண்டு கணக்கைக் கைவிட்டன. ஆனால் அந்த ஒரு விடுதலின் விளைவை நாம் நூறு வருடமாகப் பார்க்கிறோம்.

*

மனை தனித்தனியாக இருந்தால் முடிவும் தனித்தனியாகத்தான் இருக்கும். உஸ்மான் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் முன்பக்கத்தைக் கடைக்கு விட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் மனைக்கும் கடை விலை வந்துவிடும். அவர் மட்டும் எவ்வளவு நாள் வேப்பமரத்தை வைத்துக்கொண்டிருப்பார்? ரங்கநாதன் தெரு ஒரு காலத்தில் வீடுகள் இருந்த அமைதியான தெரு என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருந்ததுதான் அதன் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும். 1980கள் முதல் தனி வீடுகள் ஃப்ளாட்டுகள் ஆயின. ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பங்கள். கிணறு மூடி கார் நிறுத்தினோம். 2019 விதிகளின்படி, சாதாரண உயரக் கட்டிடத்துக்கே மனையைப் போல இரண்டு மடங்கு பரப்பு கட்டலாம். அன்வின் வந்து பார்த்தால் மயங்கி விழுவார்.

ஏற்றம் எல்லாம் மனைக்காரருக்குப் போனது, ஏரி போனதன் நஷ்டம் மட்டும் பொதுவானது. தாமோதர ரெட்டி தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன் 1970களின் தொடக்கத்தில் 'தண்ணீர்' எழுதினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் மதராஸ் தெரு ஒன்றின் கதை. ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊரில் குடியிருந்தவர் தண்ணீர்ப் பஞ்சத்தின் நாவலை எழுதினார் என்பது எனக்கு இன்றும் விசித்திரமாக இருக்கிறது. அப்புறம் எதிர்த்திசையிலும் நடந்தது. 2021 நவம்பரில் ஒரு ராத்திரி மழையில் ஜி.என். செட்டி ரோடும் சுற்றுப்பட்ட தெருக்களும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஏரியின் மிச்சமான மாம்பலம் கால்வாய், வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகரின் முதுகு வழியாக அடையாற்றுக்குப் போகிறது. அதை ஒடுக்கி, மூடி, மேலே நடந்துகொண்டிருக்கிறோம். தண்ணீருக்குப் பத்திரம் கிடையாது, ஆனால் வழி மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நகரத்தில் ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலை இருக்கும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி. ஏரியின் நட்டநடுவில் பத்திரத்தோடு இருக்கிறவர்கள் திட்டமிட்ட குடியிருப்புவாசிகள். வித்தியாசம் தண்ணீரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

கிராமம் என்ற சொல்லுக்கு இன்னொரு வாசலும் உண்டு. வாடகைக்கு வீடு தேடிய வருடங்களில் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் 'வெஜிடேரியன் மட்டும்' என்ற அட்டைகளை எத்தனையோ பார்த்தேன். வாங்கப் போனபோதும் ஒரு புரோக்கர் நயமாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார், நீங்க எந்தப் பக்கம்?" திசையைக் கேட்கவில்லை அவர். பத்திரத்தில் 'கிராமம்' என்ற சொல்லை வருவாய்த்துறை வைத்திருக்கிறது, புழக்கத்தில் நாம் வைத்திருக்கிறோம். நண்பன் சொல்கிறான், அவன் ஊரிலும் மூன்று தலைமுறை இருந்தால்தான் உள்ளூர்க்காரனாம். ஆனால் அங்கே பப்பில் யாரும் அப்பா பெயரைக் கேட்டுவிட்டு யோசிக்கவில்லை என்கிறான்.

*

ஹோவர்டின் கணக்கை நாம் முயலவே இல்லையா? பாதி முயன்றோம். அடையாறு காந்தி நகர் 1940களின் இறுதியில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் உருவாக்கியது. உறுப்பினர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, சாலை, பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கி, பிறகு பிரித்துக்கொண்டார்கள். கிரசன்ட் பார்க் ரோடு என்ற பெயரிலேயே ஆங்கிலத் தோட்ட நகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறை வடிவச் சாலை, நடுவில் பூங்கா. ஏறக்குறைய அதே காலத்தில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சி.ஐ.டி. நகரையும் நந்தனத்தையும் அமைத்தது. 1961-இல் அந்த வேலை வீட்டுவசதி வாரியத்துக்குப் போனது. காந்தி நகரில் இன்றும் மரங்கள் தி.நகரைவிட அதிகம், தெருக்கள் நிதானம். கூட்டாகத் தொடங்கியதன் வாசனை அது. ஆனால் பிரித்துக்கொண்ட பிறகு அங்கேயும் ஒவ்வொரு மனையும் தனி முடிவுதான்.

லெட்ச்வொர்த்திலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. நிலத்தின் மதிப்பு ஏறியதும் 1960-இல் ஓர் ஓட்டல் கம்பெனி பங்குகளை வாங்கி மொத்த ஊரையும் பிடித்துவிட்டது. ஊர்மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள், பாராளுமன்றம் 1962-இல் தனிச்சட்டம் போட்டு நிலத்தைப் பொது அமைப்பிடம் மீட்டுக் கொடுத்தது. இன்று ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. வாடகை வருமானம் ஊருக்கே செலவாகிறது, வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற அதன் அனுமதி வேண்டும். போராடித்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் கடைசியில் வாங்கியது மேற்கு மாம்பலத்தில், பழைய கிராமத்துப் பக்கம். பத்திரச் செலவு 9 சதவீதம் போக, என் கைக்கு வந்தது இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டும், 410 சதுர அடி 'பிரிக்கப்படாத பங்கும்'. யூ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது. அதன் பொருளை நிதானமாக யோசித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கீழே இருக்கும் மண்ணில் எந்த 410 சதுர அடி என்னுடையது என்று யாராலும் காட்ட முடியாது. மொத்தமும் எல்லோருடையது. ஹோவர்டின் பொதுநிலம், ஒரே ஒரு கிரவுண்டு அளவுக்கு, யாரும் திட்டமிடாமல் நம் பத்திரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பொதுநிலத்துக்கு இப்போது ஒரு சோதனை வருகிறது. 1980களில் கட்டிய ஃப்ளாட்டுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாக எழுகின்றன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 நடைமுறைக்கு வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். அடுத்த பத்து, பதினைந்து வருடங்களில் தி.நகரும் மயிலாப்பூரும் அடையாறும் இரண்டாவது முறையாகக் கட்டப்படும். 1923-இல் அந்த முடிவை ஒரு மாநகராட்சி எடுத்தது. இந்த முறை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பத்துப் பதினைந்து குடும்பங்கள் எடுக்கப் போகின்றன.

அந்தக் கூட்டங்களில் என்ன பேசுவோம் என்று தெரியும். எத்தனை சதுர அடி கூடக் கிடைக்கும், எத்தனை கார், இரண்டு வருட வாடகையை பில்டர் தருவாரா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கிணற்றை மறுபடி திறக்கலாமா, கீழ்த்தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். வக்கீல் கேட்க மாட்டார், வில்லங்கச் சான்றில் வராது. மாம்பலம் கால்வாய் இந்த இடத்தில் முன்பு எத்தனை அடி அகலம் என்று ஒருவர் எழுந்து கேட்டால், மற்றவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, மழைக்காலமாக இருந்தால், யோசிப்பார்கள்.